பக்கத்து மனை மகாராஜா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னேனே, குறைத்தாயா?

நீ சொன்னபடி போன ஞாயிற்றுக்கிழமை போர்டு வைத்துவிட்டேன். "மனை எண் 11 விற்பனைக்கு. உரிமையாளரே விற்கிறார். புரோக்கர்கள் வர வேண்டாம்." கீழே எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் போன் நம்பர். தகரத்தில் நானே பெயின்ட் அடித்தேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான், ஆனால் தூரத்திலிருந்து படிக்க முடிகிறது.

அதை வேலிக் கம்பியில் கட்டும்போது தெருவில் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கட்டினேன். சொந்த நிலத்தை விற்பதில் என்னடா வெட்கம் என்று கேட்பாய். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்ன தம்பி, விக்கிற அளவுக்கு வந்தாச்சா?" என்றார். அந்த வெட்கம்தான். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் இவள், "புரோக்கர்கிட்ட குடுத்திருந்தா அந்தக் கேள்வி அவன்கிட்ட போயிருக்கும்" என்கிறாள்.

இன்னொரு தொல்லை. நம் மனையைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பக்கத்து மனை மகாராஜாவின் குப்பைதான். முள்ளும் கிழிந்த மெத்தையும் உடைந்த வாளியுமாக வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. அப்பா இருந்தவரை திட்டித் தீர்த்தார். இனி என் முறை.

நம் பக்கம் எல்லாம் சுத்தம். எலுமிச்சை காய்த்துக் கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. வருகிறவர்களுக்கு ஒரு வாளி இறைத்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி

*

ஜனவரி 21

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

அக்காவின் அன்பு. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு ஏறுகிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் ஹாலில் இருக்கிறது, பெண் பிள்ளைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஜூன் மாதத்தோடு ஹாஸ்டலை மூடுகிறார்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். இருபத்தாறு வருடம் வார்டனாக இருந்து எத்தனையோ பெண்களைப் "பெட்டியைக் கட்டு" என்று விரட்டியவள் நான். இப்போது என் பெட்டியை நான் கட்ட வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் சின்னது, ஆனால் கதவுக்குச் சாவி என் கையில் இருக்கும். மே கடைசி வரை எனக்காகப் பொறுப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நிலத்தில் என் பங்கு வந்தால்தான் அது நடக்கும். உன் வீட்டு முன்னறைக்கு வந்துவிடு என்று எழுதாதே. ஐம்பத்தெட்டு வயதில் தம்பி வீட்டில் படுக்கை விரிக்க எனக்கு முகம் இல்லை. உன் மனைவிக்கும் எனக்கும் ஒரு சமையலறை போதாது.

புரோக்கரை அண்ட விடாதே. இங்கே டைப்பிஸ்ட் ஒருத்தி வீடு விற்றாள். அந்தப் புரோக்கர் முதலில் சாது மாதிரி ஒரு ஆளை அனுப்பி, "பத்திரத்துல ஏதோ கோளாறாமே" என்று புரளி கிளப்பினான். இவள் பயந்து போனதும் அவனே பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான். யாராவது சாதுவாக வந்து பேசினால் உஷாராக இரு.

மகாராஜாவை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அப்பா அந்தக் குப்பையைப் பற்றி நகராட்சிக்குப் புகார் எழுதினாரே, அந்த ஆபீஸ் புத்திசாலிகள் புகார் கொடுத்தவருக்கே அபராத நோட்டீஸ் அனுப்பினார்கள். நினைவிருக்கிறதா? ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "எழுதினவனுக்கே அபராதமா, கூமுட்டைங்க" என்று அப்பா வீட்டையே இரண்டாக்கினார். நீ அப்போது பொடியன். அந்த மகாராஜா சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையோடு வந்து கொஞ்சம் அள்ளுவான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சோம்பேறி.

சீக்கிரம் முடி.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். ஹாஸ்டல் விஷயம் படித்ததிலிருந்து மனது சரியில்லை. மே மாதத்துக்குள் முடித்துவிடுகிறேன், கவலைப்படாதே.

இதுவரை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நிலத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் மூக்குக்கண்ணாடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஒருவர் இரண்டு எலுமிச்சையைப் பறித்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. மூன்றாவது ஆள் நம் கடைத்தெருவில் இருக்கிற மருந்துக் கடைக்காரர். அவர் உண்மையாகவே வாங்குகிற ஆள். கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுக்கே குடுக்கலாம்" என்றார்.

விலை சொல்லும்போதுதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடையில் கண்ணாடிக்கு விலை சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்த நிலத்துக்குச் சொல்லும்போது ஏதோ கை நீட்டிக் கேட்பது போல் இருந்தது. இருந்தாலும் நீ சொன்ன விலையைக் குறைக்காமல் சொல்லிவிட்டேன்.

நீ எழுதியது அப்படியே பலித்தது. குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். எழுபது இருக்கும். போர்டை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது பதினொண்ணா? நல்லா பாத்தீங்களா?"

"எங்க அப்பா காலத்துல இருந்து எங்களோடதும்மா."

"இல்ல, அந்தக் கோடியில இருந்து எண்ணிப் பாத்தேன். அதான் கேட்டேன்."

பேச்சு அவ்வளவு சாது. எனக்கு உடனே உன் டைப்பிஸ்ட் கதை ஞாபகம் வந்துவிட்டது. "உங்களை எந்தப் புரோக்கர் அனுப்பினான்?" என்று கேட்டேன். "யாரும் அனுப்பலப்பா" என்றார். "வயசான காலத்துல இந்த வேலையெல்லாம் வேணாம்மா, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். மருந்துக் கடைக்காரர் முன்னாலேயே சொன்னேன். அவரும் பக்கத்தில் நின்று சிரித்தார்.

மறுபடி வந்தால் என்ன செய்ய?

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலமே. நீ கேட்டைச் சாத்தியது படித்து எனக்கு ஒரே பெருமை. சோடாபுட்டிக்கும் கண் திறந்துவிட்டது.

குடைக்காரி மறுபடி வருவாள். அதற்குத்தான் இதோடு ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். என் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுக்கு எழுதுகிற அதே பட்டைப் பேனாவில் எழுதியது. பாலிதீன் போட்டுக் கேட்டில் ஒட்டு. "அறிவிப்பு. இது தனியார் நிலம். உரிமையாளர் அனுமதியின்றி உள்ளே கால் வைப்பவர்கள் வெட்கமற்றவர்களாகக் கருதப்படுவார்கள். பொய்யாக உரிமை கொண்டாடுவோர் போலீசில் ஒப்படைக்கப்படுவர்."

வெட்கமற்றவர் என்ற வார்த்தையைப் போட்டேன் பார், அதற்கு இங்கே நல்ல பலன் உண்டு. எந்தப் பெண்ணும் அதற்கு மேல் வாய் திறந்ததில்லை.

மருந்துக் கடைக்காரரை விடாதே. எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது, வாயைத் திறந்து காட்டிக்கொண்டே திரிகிறான். உனக்குக் காட்டச் சொன்னான், எழுதிவிட்டேன்.

நோட்டீஸை ஒட்டினேன். குடைக்காரம்மா வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்று படித்தார். நான் எலுமிச்சை மரத்தடியில் இருந்தேன்.

"நல்ல கையெழுத்து. யார் எழுதினது?"

"எங்க அக்கா. ஹாஸ்டல் வார்டன்."

"அதான் இவ்வளவு கண்டிப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போடுவார் என்று தயாராக நின்ற எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மருந்துக் கடைக்காரர் அளக்கவே வேண்டாம் என்கிறார். "இந்த வேலிக்குள்ள இருக்கிறதை அப்படியே குடுத்துடுங்க, போதும்" என்றார். ஆனால் அந்தம்மா கிளப்பின புரளிக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டாமா? நானே சர்வேயருக்குச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறார். அளந்து முடித்ததும், அந்த வரைபடத்தை உன் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். அதையும் நின்று படிக்கட்டும்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவு, பெட்டியில் பூட்டி வைக்காதே.

உன் தம்பி

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமா?

வெயில் இந்த வருடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. கடையில் கறுப்புக் கண்ணாடி வியாபாரம் நன்றாக இருக்கிறது. லென்ஸ் தேய்க்கிற மெஷின் பழுதாகி, சரி செய்தோம். சின்னவனுக்குப் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நில விஷயம் நடந்துகொண்டிருக்கிறது.

உன் தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது.

உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். வெயில் இருக்கிறது, பல் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. சர்வேயரைக் காணோம். வியாழக்கிழமை வந்தாரா இல்லையா? மருந்துக் கடைக்காரர் எங்கே? போன வாரம் வெட்கத்தை விட்டு ஹாலிலிருந்து உன் கடைக்குப் போன் செய்தேன். நீ உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொல்கிற சத்தம் எனக்குக் கேட்டது. உன் குரல் எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் நேற்று மறுபடி ஆள் அனுப்பினார். வேறொருவர் அதிகம் தருகிறாராம். நான் என்ன பதில் சொல்ல?

உண்மையைச் சொல். எலுமிச்சையும் கிணறும் உன் மனைவிக்குப் பிடித்துப்போய், நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்களா? அப்படி என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. அக்காதானே, எங்காவது கிடப்பாள் என்று நினைத்துவிட்டாயா? இப்படிக் கேட்க எனக்கே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சர்வேயர் வந்தார். நான் நம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் உள்ளே வரவே இல்லை. பத்திரத்தைப் பார்த்தார், வரிசையின் அந்தக் கோடிக்குப் போனார். வாய்க்கால் பக்கம் ஒரு கல் புதைந்து கிடக்கிறதே, அதைச் செருப்பால் தேய்த்துப் பார்த்துவிட்டு அங்கிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்து முள்ளுக்குள் நின்றார். மகாராஜாவின் குப்பை நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டி, "வாங்க சார், உங்க நிலம் இங்க இருக்கு" என்றார்.

வரிசையில் இருபத்திரண்டு மனை. நம்பர் வாய்க்கால் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அப்பா பஸ் ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணிவிட்டார். அங்கிருந்து பதினொன்றாவது என்றால் உண்மையில் அது பன்னிரண்டு. நாம் வேலி போட்டது, கிணறு வெட்டியது, எலுமிச்சை வைத்தது எல்லாம் இன்னொருவர் நிலத்தில். குப்பை மேடுதான் நம்முடையது. நகராட்சிக்காரர்கள் கூமுட்டைகள் இல்லை அக்கா. மூன்று தடவையும் சரியான ஆளுக்குத்தான் அபராதம் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருடமாக நாம் திட்டிய மகாராஜா நாம்தான். அந்தக் குப்பையிலும் பாதி நம் வீட்டுக் குப்பை. "அவன் நிலம்தானே, போடு" என்று வேலிக்கு மேலே வீசியது எல்லாம்.

சர்வேயரிடம், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் மருந்துக் கடைக்காரர் அட்வான்ஸ் கவரோடு கடைக்கு வந்தார். அளந்தாச்சா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் வீட்டு விஷயம் ஒன்றுதான் கண் முன்னால் நின்றது. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். வேலியில் போர்டு கட்டுவதற்கு வெட்கப்பட்டவன், இதற்கு வெட்கப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. கவரை லென்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இவளுக்கும் இன்னும் சொல்லவில்லை.

குடைக்காரம்மா யார் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். "வீட்டுக்குப் போங்க" என்று சொன்னேனே அவரை.

என்ன செய்ய என்று நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

*

மே 17

தம்பிக்கு,

நலம்.

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், யாராவது கதவைத் தட்டுவார்கள், நல்லவேளை என்று எழுந்துவிடுவேன்.

இங்கே ஒரு பெண்ணின் மாமா வக்கீல். பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். இத்தனை வருடம் வேலி போட்டு அனுபவித்த நிலம் என்றால் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறதாம். அந்தம்மா இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது அவர் தப்பு. மருந்துக் கடைக்காரர் வேலிக்குள் இருப்பதை அப்படியே கேட்கிறார். அவர் கேட்காததை நீ ஏன் சொல்ல வேண்டும்? விற்றுவிடு. வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிக்கு மேல் ஒரு நாள் பொறுக்க மாட்டார். நான் பெட்டியோடு எந்தத் தெருவில் நிற்பது?

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

அக்கா

*

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

முந்தாநாள் எழுதியது உனக்கு வந்து சேர்ந்திருந்தால் கிழித்துப் போடு. வராமலிருந்தால், வந்ததும் பிரிக்காமல் கிழி.

நேற்று இரண்டு பெண்கள் ஒரு கைக்கடிகாரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். எடுத்தவள், "ரொம்ப நாளா என்கிட்டதான் இருக்கு மேடம். அவ கேக்கவே இல்ல" என்றாள். வழக்கம்போல வெட்கமில்லையா உனக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது மேடத்துக்கு உடம்பு சரியில்லை போல என்று பேசிக்கொண்டு போனார்கள்.

கவரைத் திருப்பிக் கொடு. அந்தம்மாவைத் தேடிப் போ. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போய் நில், அது போதும்.

நான் அப்படி எழுதியதை மறந்துவிடு. முடியாது, தெரியும்.

அக்கா

*

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ தூங்குகிறாயா?

உன் முதல் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலையில் கவரைக் கொண்டுபோய் மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். உன் பேச்சை மீறியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கவரை மேஜைக்குள் போட்டுவிட்டு, "கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு நம்பர் தெரியலையா சார்?" என்றார். அவ்வளவுதான். கடையில் மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இருக்கட்டும்.

விசாரித்ததில், குடைக்காரம்மா கடைத்தெருவுக்குப் பின்னால் டிரைகிளீனிங் கடையில் பில் போடுகிறார் என்று தெரிந்தது. போனபோது கூட்டம். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தலை நிமிராமல், "துணி எங்கே?" என்றார். என் கையில் துணி இல்லை. நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா" என்று சொல்லி, பின்னால் நின்றவரின் கோட்டை வாங்கி, சீட்டுக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். பாலிதீன் மாட்டிய சட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். நான் உட்காரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஹேங்கர்களை ஒழுங்குபடுத்தினார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்களும் அந்தக் குப்பை மனைதான் எங்களோடதுன்னு நினைச்சோம். இந்தப் பக்கம் வேலி போட்டு, கிணறு வெட்டி, மரம் வெச்சிருக்காங்க, படிச்சவங்க, அவங்க தப்பாவா போட்டிருப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரர் எண்ணிக்கூடப் பாக்கல. குப்பையை வாங்கி ஏமாந்துட்டேன்னு கடைசி வரைக்கும் வெக்கப்பட்டார். சொந்தத்துல யார்கிட்டயும் எங்களுக்கு நிலம் இருக்குன்னே சொன்னதில்ல. உங்க போர்டுல நம்பரைப் பாத்ததும் ஒரு ஆசையில நான் எண்ணினேன். அவர் இருந்திருந்தா எண்ண விட்டிருக்க மாட்டார்."

எனக்குக் கூடைக்காரர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து அள்ளுவது அவரா என்று கேட்டேன்.

"உங்க அப்பா ஒரு தடவை, 'உன் குப்பையை அள்ளுய்யா'ன்னு சத்தம் போட்டாராம். அக்கம்பக்கத்துல கெட்ட பேராயிடுச்சேன்னு போய் அள்ளுவார்."

நம் குப்பையை, நம் நிலத்திலிருந்து. நாம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்புறம் ஏன்மா வர்றதை விட்டுட்டார்?"

"ஒரு நாள் நல்ல வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பொண்ணுகிட்ட தண்ணி கேட்டிருக்கார். இரட்டைச் சடை போட்ட பொண்ணு. 'இது எங்க கிணறு, வேணும்னா உங்க நிலத்துல வெட்டிக்கோங்க'ன்னுச்சாம். வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் போகல."

உனக்கு அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "உங்க அக்கா எழுதின நோட்டீஸ் அந்தக் கேட்லயே இருக்கட்டும்னு நினைச்சேன். ஆனா உரிமையாளர் மாறிட்டாங்கல்ல. எனக்குன்னு புதுசா ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க. அதே கையெழுத்துல." கிண்டலா, நிஜமாகக் கேட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முகத்தில் இரண்டும் இருந்தது.

கேட் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று நம் நிலத்தில் இறங்கி முள் வெட்ட ஆரம்பித்தேன். அப்பாவின் கால் உடைந்த நாற்காலி கிடைத்தது. என் பழைய சோடாபுட்டிக் கண்ணாடியும், ஒரு பக்கம் மட்டும். சுத்தம் செய்து விற்கப் பார்க்கிறேன். பள்ளமான நிலம், கிணறு இல்லை. சீக்கிரம் போகாது. உன் வீடு கைநழுவியது என்னால்தான் என்று எனக்குத் தெரியும்.

இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் முன்னறையிலிருந்த தையல் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு போய் உள்ளே போட்டாள். "உங்க அக்காவை வரச் சொல்லுங்க. ஒரு சமையலறை போதும், நான் கொஞ்சம் வாயை மூடிக்கிறேன், அவங்களும் கொஞ்சம் மூடிக்கட்டும்" என்கிறாள்.

வந்துவிடு அக்கா.

உன் தம்பி

*

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். முழங்கால் பரவாயில்லை. தைலத்தைத் தடவுகிறேன்.

ஒற்றை அறை வீட்டை விட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். ஹாஸ்டலில் கடைசிப் பெண்ணும் போயாயிற்று. கைக்கடிகாரம் போக வேண்டியவளிடம் போய்விட்டது. வரும் பதினாறாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். ஒரே பெட்டிதான். உன் மனைவியிடம் சொல், நான் வாயை மூடிக்கொள்ள இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது. முள் வெட்டுவதை மிச்சம் வை. குனிய முடியாது, ஆனால் உட்கார்ந்தபடி அள்ளுவேன். எனக்கும் ஒரு கூடை வாங்கு.

அந்தம்மா கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "இந்த நிலம், எண் 12, இந்த அம்மாவுடையது. பல வருடம் இதை நாங்கள் தவறாக வைத்திருந்தோம். பக்கத்து நிலம், எண் 11, எங்களுடையது. அதிலுள்ள குப்பையும் எங்களுடையது. அது விற்பனைக்கு." அவர்களுக்குப் பிடித்தால் ஒட்டு, இல்லையென்றால் அவர்கள் சொல்கிறபடி திருத்தித் தருகிறேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய நோட்டீஸில் அடித்தல் திருத்தல் வந்தது இதில்தான். பார்த்தால் தெரியும்.

அந்த இரட்டைச் சடைப் பெண் யார் என்று அவர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொல்லாதே. எனக்கு அந்த வெயிலும் அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்ததும் நினைவிருக்கிறது. சொன்ன வார்த்தை மட்டும் நினைவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அந்தத் தொனியில்தானே பேசுகிறேன்.

வந்ததும் என்னை அந்தக் கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் வெளியே நிற்கிறேன். அந்தம்மாவிடம் நானே என்னைச் சொல்லிக்கொண்டு, அவர்கள் கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கப் போகிறேன். கொடுப்பார்களா, வெட்டிக்கொள்ளச் சொல்வார்களா தெரியவில்லை.

கேட்கத்தான் வேண்டும்.

அக்கா